மச்சுக்கதவில் சந்தனம்

கதவு நாலு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அப்பா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. தலைக்கு மேலே கூரைத் தகட்டுக்குள் மோட்டார் முக்கியது, முனகியது, பிறகு அந்தச் சத்தமும் போய்விட்டது.

"விரல எடுங்கப்பா!"

"எடுத்துட்டேன்ட்டி."

எடுத்தது சத்தம் நின்ற பிறகுதான். மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை, இன்னும் பலமாக, கட்டைவிரலால். பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் வண்டிகள் நிறுத்துகிற திடலில், புளியமரத்தடியில் நின்றிருந்தோம். அது முதலாளி வீட்டு துபாய்க் கார். அதன் கூரையில் இரண்டு பேர் எழுந்து நிற்கலாம் போல ஒரு ஓட்டை, அதை மூடத்தான் இந்தக் கதவு. அந்த ஓட்டை வழியே மலையைப் பார்த்தேன். பாதி மலைதான் தெரிந்தது. மேல்பாதியை மேகம் விழுங்கியிருந்தது. மேகத்தின் அடிப்பகுதி கறுத்து, எங்கள் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. சீசனில் குற்றாலத்துச் சாரல் யாரிடமும் சொல்லிக்கொண்டு வராது. காருக்குள்ளே பால் நிறத்தில் வெல்வெட் சீட்.

அப்பா அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கே லாரிதான்" என்றார்.

லாரி என்றால் அவருக்கு ஏன் பயம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலாளிக்கு வீடு தென்காசியில், எலுமிச்சை மண்டி புளியங்குடியில். அப்பா அவரிடம் பல வருஷம் லாரி ஓட்டியவர். செங்கோட்டை தாண்டி மலை இறங்கி கொல்லத்துக்குப் பழம் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. இடுப்புப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே முடியாமல் இரண்டு பேர் தூக்கி இறக்கிய பிறகுதான், முதலாளி மனசு வைத்து வீட்டுக் காருக்கு மாற்றினார். அந்தக் கார் பழைய அம்பாசடர். அதுவரை பிரச்சினை இல்லை. முதலாளியின் மருமகன் துபாயிலிருந்து திரும்பும்போது இந்தக் காரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். ஸ்டியரிங் இடது பக்கம். அப்பாவின் கை கியருக்குத் தடவினால் கதவுப் பிடிதான் கிடைத்தது. வீரகேரளம்புதூர்க்காரர் ஒருவர் துபாயிலேயே இதுமாதிரி வண்டி ஓட்டியவராம், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறாராம் என்று மருமகன் சொல்லியிருந்தார். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "இந்த சீசன் முடியட்டும்வே, பாப்போம். ஒத்துவரலன்னா நீரு லாரிக்கே போயிரும். என்ன சொல்லுதீரு?" என்று கேட்டிருந்தார். அப்பா என்ன சொல்வார்? சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் தைல டப்பாவை எடுத்து இடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். வீட்டில் இருந்த ரேடியோவைப் பிரித்து மாட்டிவிட்டேன், பக்கத்து வீட்டு மிக்சியையும் பிரித்து மாட்டிவிட்டேன். இனிப் பிரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் லீவில் கை நமநமத்துக்கொண்டிருந்தது. கூரையில் கதவு வைத்த காரைப் பற்றி அப்பா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மருமகன் அதைச் சன் ரூஃப் என்பார். முதலாளி வீட்டில் மற்ற எல்லோரும் மச்சுக்கதவு என்றே சொன்னார்கள். பொத்தானை அமுக்கினால் திறக்கும், அமுக்கினால் மூடும். அதற்குள்ளே என்ன இருக்கும்? பல்சக்கரமா? கம்பியா? "நானில்லாம யாரும் அதத் தொடக்கூடாது டிரைவர்" என்று மருமகன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பிறகு ஏன் அப்பா தொட்டார்? ஆச்சி சொன்னதால்.

ஆச்சி என்றால் முதலாளியின் மனைவி. ஐம்பது வயதுகூட இருக்காது, ஆனாலும் மண்டி ஆட்கள் எல்லோருக்கும் ஆச்சி. எங்கள் பக்கத்தில் மாமியார், மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டார். நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே காரில் போவதெல்லாம் நடக்காத காரியம். அதனால் அன்றைக்கு முதலாளியும் மகளும் மருமகனும் பழைய காரில் விடியற்காலமே குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். மருமகனே ஓட்டிக்கொண்டு போனார். புதுக் காரில் ஆச்சி, துணைக்கு நான். வழியில் இலஞ்சி முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

கோயில் வாசலில் ஐயர் கற்பூரத்தைக் காட்டப்போகும்போது ஆச்சி தடுத்தார். "இருங்க சாமி. ஏலே டிரைவரு, அந்த மச்சுக்கதவத் தொற. சாமி பார்வ உள்ள விழட்டும்."

"மாப்பிள்ள தொடக்கூடாதுன்னு..."

"மாப்பிள்ள பெருசா, முருகன் பெருசா?"

அப்பா திறந்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஆச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. அசைகிற எதற்கும் பொட்டு வைக்காமல் விடக்கூடாது. மண்டித் தராசு, லாரி கியர், கிரைண்டர், மின்விசிறி ரெகுலேட்டர், எல்லாவற்றிலும் சந்தனம் இருக்கும். அன்றைக்கும் கிண்ணம் நிறையக் குழைத்த கெட்டிச் சந்தனத்தோடு சக்கரம், விளக்கு, ஸ்டியரிங் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், கையை மேலே நீட்டி என்னவோ செய்தார். நான் கூரையில் வானம் போவதைப் பார்க்கிற குஷியில் அதைக் கவனிக்கவில்லை. திறந்தபடியே வந்தோம். மேல்காற்றும், மேகத்துக்கு நடுவே சுள்ளென்ற வெயிலும். ஐந்தருவியில் மகள் வந்து ஆச்சியைப் பெண்கள் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் குளிக்க மனசில்லை, காரை நல்லாப் பார்க்கவேண்டும். "நீங்க போயிட்டு வாங்க ஆச்சி" என்று திரும்பி ஓடிவந்தபோதுதான் அப்பா கதவை மூடப்பார்த்தார்.

இவ்வளவுதான் கதை. கதவு நின்றுவிட்டது, மேகம் இறங்குகிறது, அவர்கள் தலை துவட்டிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நான் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். சின்ன பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து நானே செய்தது. வீட்டு டெஸ்டர் காருக்கு உதவாது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்டுக்கு அது கண்ணே திறக்காது.

"நீ எதையும் தொடாத. இருக்கது போதும்" என்றார் அப்பா.

"நான் தொடலன்னா வேற யாரு தொடுவா? மெக்கானிக்கத் தேடித் தென்காசிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள சீட்டு ஊறி அருவியாயிரும்."

அவர் நகர்ந்து வழிவிட்டார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டால் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டி. மூடியின் உள்பக்கம் எழுத்தெல்லாம் அரபி. நல்ல வேளையாக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படம் இருந்தது. கூரையில் கட்டம் போட்ட கார் படத்துக்கு நேராக இருந்த ஃப்யூஸில் லேம்ப்பை வைத்தேன். ஒரு பக்கம் எரிந்தது, மறுபக்கம் எரியவில்லை. பிடுங்கிப் பார்த்தால் உள்ளே கம்பி அறுந்து கறுத்திருந்தது.

"ஃப்யூஸ் போச்சுப்பா!" நான் கத்திய கத்தில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

"அதுக்கு ஏம்ட்டி சிரிக்க? இந்த ஃப்யூஸு நம்மூர்ல கெடைக்குமா?"

கிடைக்காது. கம்பி வைத்துக் கட்டலாம். ஆனால் எந்தக் கனத்தில் கட்டுவது? கனம் கூடினால் ஃப்யூஸுக்குப் பதில் மோட்டார் எரியும். மறுபடி படங்களைப் பார்த்தேன். கண்ணாடியிலிருந்து ஆவி எழுவது மாதிரி ஒரு படம். பின் கண்ணாடியில் ஓடுகிற மெல்லிய கம்பிகளை முன்பே பார்த்திருந்தேன். பனி பிடித்தால் கண்ணாடியைச் சூடு பண்ண. எங்கள் ஊர் வெயிலில் கண்ணாடியை வேறு தனியாகச் சூடு பண்ண வேண்டுமா? அந்த ஃப்யூஸைப் பிடுங்கினேன். அதே நிறம், அதே நம்பர். அதை இதில் சொருகினேன்.

பொத்தானை நானே தொட்டேன். மோட்டார் உயிர் பெற்று முக்கியது. சட்டென்று விரலை எடுத்துவிட்டேன்.

"ஏன் விட்டுட்ட? ஓடுச்சுல்லா?"

"ஓடல. முக்குது. கரண்டுல ஒண்ணுமில்லப்பா. கதவுதான் எங்கனயோ பிடிச்சிருக்கு. நீங்க விடாம அமுக்கினீங்க, அதான் ஃப்யூஸ் போச்சு."

"லாரி ஏத்தத்துல தெணறுனா கால எடுப்பனா? எடுத்தா வண்டி பின்னால உருண்டுரும்."

இதுதான் விஷயம். மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓட்டிய கால். நின்றால் இன்னும் மிதி என்றுதான் அதற்குத் தெரியும். இந்தக் கதவுக்கு அது விஷம். கையில் இருப்பது ஒரே ஒரு ஃப்யூஸ்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பின்சீட்டில் துண்டை விரித்து ஏறி நின்று, கூரை வழியாகத் தலையை வெளியே நீட்டினேன். எதிரே பலாச்சுளை விற்கிற அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி, கோயில் தேருன்னு நெனச்சியா? அங்கன நின்னுக்கிட்டு யாருக்கு அருள் குடுக்க?"

"ஒங்களுக்குத்தான்க்கா. ஒரு சுளை படையுங்க."

"கொழுப்பப் பாரு. ஏ அண்ணாச்சி, ஒம்ம மகளா? மழ வருது, இறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போரும்."

ஓட்டையின் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரிக் குழி. இடது பக்கத்தில் கிரீஸ் பளபளத்தது. வலது பக்கத்துக் குழிக்குள், ஓட்டையின் விளிம்பு நெடுக, வரிசையாக மஞ்சள் பொட்டுகள். நடுவில் குங்குமம். வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்து சுண்ணாம்பாக இறுகிப்போயிருந்தன. ஆச்சி உட்கார்ந்திருந்தது வலது பக்கம். கை எட்டியதும் அந்தப் பக்கம்தான். அசைகிற எதையும் விடக்கூடாது.

"அப்பா, சந்தனம்!"

அப்பா எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. யாருகிட்டயும் மூச்சு விட்டுராத" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. கோளாறு கிடைத்துவிட்டது, தப்பு நம்முடையது இல்லை, இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது?

கொண்டை ஊசியால் சுரண்டினேன். முன்னால் இருந்த பொட்டுகள் பொடியாக உதிர்ந்தன. ஒன்று மட்டும் மிச்சம். கதவுக்கு அடியில் செருப்பு மாதிரி ஒரு கால் இருந்தது. அது அந்தப் பொட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. ஊசி நுழையவில்லை. முன்னால் தள்ளினால் கால் இன்னும் இறுகும்.

ஒரே வழிதான். கதவை இன்னும் திறக்க வேண்டும்.

"என்னது? மூடணும்னு நிக்கோம். தொறக்கச் சொல்லுத?"

"பின்னால போனாத்தான் அதச் சுரண்ட முடியும்."

"போயி அங்கனயே நின்னுட்டா?"

நின்றுவிட்டால் முழு ஓட்டை. முதல் துளி என் புறங்கையில் விழுந்தது. இரண்டாவது கூரைத் தகட்டில். பிறகு எண்ண முடியாதபடி, மாவு சலிப்பது மாதிரி சாரல் ஆரம்பித்தது.

"அப்பா, நான் இங்கன கால் அசையுதான்னு பாக்கணும். பொத்தான நீங்கதான் அமுக்கணும். நான் விடுன்னா உடனே விட்டுரணும். சத்தம் நிக்கட்டும்னு பாக்கக் கூடாது. இது ஏத்தமில்ல."

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து விரலைப் பொத்தானில் வைத்தார்.

"அமுக்குங்க."

முக்கல். கால் அசையவில்லை.

"விடுங்க!"

விட்டார். உடனே விட்டார். நான் பன்னீர் தெளிப்பது மாதிரி கூரையில் நின்ற மழைத்தண்ணீரை விரலால் தள்ளி அந்தக் குழிக்குள் விட்டேன். மஞ்சளாக ஒரு கோடு கசிந்தது.

"அமுக்குங்க. விடுங்க! இன்னொருக்க."

மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். ஃப்யூஸ்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கதவு பின்னால் போய்க்கொண்டிருந்தது. வழுக்கிக்கொண்டு, முழுசாக.

அந்த நேரம் பார்த்துத்தான் புளியமரத்திலிருந்து குரங்கு குதித்தது. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கூரைமேல் உட்கார்ந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், பின்சீட்டில் இருந்த கோயில் தட்டைப் பார்த்தது. தேங்காய், சீப்புப் பழம்.

"அசையாத" என்றார் அப்பா.

அப்பா கையைப் பின்னால் விட்டுப் பழச் சீப்பை எடுத்து, ஜன்னல் வழியாகத் திடலின் கோடிக்கு வீசினார். குரங்கு போனது. மரத்திலிருந்த அதன் சொந்தபந்தம் மொத்தமும் பின்னால் போனது. "சாமி பழத்த எறியுதீரே!" என்று பலாச்சுளை அக்கா கத்தியது கேட்டது.

தாவணி முனையை மழையில் நனைத்து, மிச்சச் சந்தனத்தைத் துடைத்தேன். இடது பக்கத்துக் கிரீஸை விரலால் வழித்து வலது பக்கத்தில் தடவினேன். உள்ளே இறங்கினேன். அப்பா இதற்குள் சட்டையைக் கழற்றிச் சீட்டின் மேல் போர்த்தியிருந்தார். வெற்று முதுகில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"மூடுங்க."

அவர் அமுக்கினார். கதவு வந்தது. பழைய இடத்தைத் தாண்டியது. கடைசியில் கொஞ்சம் தயங்கியது. அப்பா விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மறுபடி அமுக்கினார். ரப்பரில் ரப்பர் பதிகிற சத்தம். காருக்குள்ளே மழைச்சத்தம் சட்டெனத் தூரமாகிப்போனது.

அப்பா ஈரச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் முதலாளியும் மருமகனும். கொஞ்சம் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு ஆச்சியும் மகளும். மருமகன் பழைய காருக்குப் போகவில்லை. நேராக இந்தக் காரின் கதவைத் திறந்து சீட்டின் முதுகில் கையை வைத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே. சன் ரூஃபத் தொறந்தீங்களா டிரைவர்?"

"ஆமா சார்."

"நான் என்ன சொன்னேன்?"

அப்பா சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டார். முதலாளி துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே, "என்னவே இது?" என்றார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டேன். ஆச்சியைச் சொன்னால், மருமகன் முன்னால் மாமியாரின் மானம் போகும். அதற்கப்புறம் லாரிகூட மிஞ்சாது. மூச்சு விடாதே என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பின்னாலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. மருமகனைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

"ஏட்டி, கேக்கவியகிட்ட சொல்லு. சாமி பார்வ விழணும்னு நாந்தான் தொறக்கச் சொன்னேன்."

மருமகன் நாலடி தூரத்தில்தான் நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நான் அவர் பக்கம் திரும்பி, "ஆச்சிதான் தொறக்கச் சொன்னாங்களாம் சார்" என்றேன்.

அவரும் என்னிடமே, "சரி, அவங்க சொன்னா சரிதான்னு சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு அவர் உள்ளே உட்கார்ந்து, பொத்தானில் விரலை வைத்தார். கதவு திறந்தது. கொஞ்சம் சாரல் உள்ளே விழுந்தது. மூடியது.

"நல்லாத்தான் இருக்கு. பின்ன உள்ள எப்படி இவ்வளவு ஈரம்? ஏதாவது கோளாறா?"

என் விரலெல்லாம் கிரீஸாக இருந்ததைப் பார்த்து என்னிடம்தான் கேட்டார். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தாவணி முனையில் சந்தனமும் குங்குமமும் கரைந்திருந்தன.

"குழியில தூசி அடைச்சிருந்தது சார். எடுத்துட்டோம். ஃப்யூஸ் ஒண்ணு போச்சு, பின் கண்ணாடி ஃப்யூஸ எடுத்துப் போட்டிருக்கு."

"பின் கண்ணாடிக்கா? அது இங்க எதுக்கு!" என்று சிரித்துவிட்டார். "யாரு போட்டா?"

"நான்தான். பொத்தானப் பாத்துக்கிட்டது அப்பா."

முதலாளி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். ஈரச் சட்டை, தலையில் நீர். "சரி சரி, நனையாம ஏறும்வே. ஆச்சிய வீட்ல விட்டுட்டு மண்டிக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான். வீரகேரளம்புதூர்க்காரரைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. லாரியைப் பற்றியும்.

திரும்பும் வழியில் இலஞ்சி தாண்டும்போது ஆச்சி ஒருமுறை கையை மேலே நீட்டி, அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பழச் சீப்பு எங்கே என்று கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு நான் லீவில் வந்திருந்தேன். முதலாளி வீட்டு வாசலில் கார்கள் கழுவி நின்றன. ஆச்சி சந்தனக் கிண்ணத்தோடு படியிறங்கி வந்து சக்கரம், விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் முடித்தார். உள்ளே ஏறப்போனவர் நின்று, கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"உள்ள நீ வையி. எங்கன வைக்கக்கூடாதுன்னு ஒனக்குத்தான் தெரியும்."

அப்பா இடது பக்கத்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நான் குனிந்து, ஃப்யூஸ் பெட்டியின் மூடிமேல் ஒன்றே ஒன்று வைத்தேன்.